தாடை மூட்டு வலிக்கான பயிற்சிகள்: வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

காலையில் எழும்போது இரு காதுகளுக்கும் முன்னால் வலிக்கிறது. பற்களில் குறை ஏதும் இல்லை, தாடை மூட்டுதான் காரணம் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். எந்தப் பயிற்சியில் தொடங்குவது?

தாடையைச் சும்மா வைத்திருப்பதில் தொடங்குங்கள். இதைப் பயிற்சி என்று ஒப்புக்கொள்ளவே பலர் தயங்குவார்கள். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே கடினமாக இருக்கிறது. உதடுகள் மூடியிருக்க வேண்டும், மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது, நாக்கு மேலண்ணத்தில் மெல்லப் படிந்திருக்க வேண்டும். நாக்கின் நுனி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கத் தமிழ் பேசுபவர்களுக்கு எளிய வழி உண்டு. 'பந்து' என்னும்போது நுனி பல்லைத் தொடுகிறது. 'கண்' என்னும்போது பின்னால் வளைகிறது. 'மனம்' என்னும்போது முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் நிற்கிறது. அந்த 'ன'கரத்தின் இடமே நமக்கு வேண்டியது.

மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரங்களில் பற்கள் தொட்டுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. கணினியின் முன் அமர்ந்திருக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ நாள் முழுவதும் லேசாகக் கடித்தபடி இருந்தால், கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்களில் கிடைக்கும் விடை உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

இது பழகிய பிறகு, நாக்கின் நுனியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, அது நழுவாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். தாடை மூட்டு முதலில் கீல்போலச் சுழன்று, பிறகே முன்னோக்கிச் சறுக்குகிறது. நாக்கு மேலே இருக்கும்போது திறப்பு பெரும்பாலும் அந்தச் சுழற்சியோடு நின்றுவிடுவதால் மூட்டுக்குச் சுமை குறைகிறது. காதுக்கு முன்னால் சுட்டுவிரலை வைத்துப் பாருங்கள். எலும்பின் குமிழ் விரலடியில் உருள வேண்டும், துருத்திக்கொண்டு முன்னே பாயக்கூடாது. சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரோகபாடோ வகுத்த முறையில் 6 பயிற்சிகளை, ஒவ்வொன்றையும் 6 முறை வீதம், நாளொன்றுக்கு 6 வேளை செய்யச் சொல்வார்கள். ஒரே வேளையில் 36 முறை செய்து முடித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது, சிறிது சிறிதாக அடிக்கடி செய்வதில்தான் பயன் இருக்கிறது.

வாய் திறக்கும்போது 'டொக்' என்று சத்தம் வருகிறது, வலி இல்லை. சத்தம் போக என்ன பயிற்சி?

எதுவும் வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு சற்று விலகி, மீண்டும் தன் இடத்தில் அமரும்போது இத்தகைய ஒலி வரலாம். வலியோ திறப்பதில் தடையோ இல்லாத சத்தத்துக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. இன்னும் வருகிறதா என்று நாளுக்குப் பத்து முறை திறந்து சோதிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

கண்ணாடியில் பார்த்தால் தாடை ஒரு பக்கமாகக் கோணித் திறக்கிறது. நேராக்க முடியுமா?

எப்படிக் கோணுகிறது என்பதைப் பொறுத்தது. பாதி வழியில் விலகி, முழுதாகத் திறக்கும்போது நடுவுக்குத் திரும்பினால், தட்டு விலகி அமர்வதோ தசைகள் ஒருங்கிணையாததோ காரணமாக இருக்கலாம். பயிற்சி ஓரளவு உதவும். கடைசிவரை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால், அந்தப் பக்கத்து மூட்டு முழுமையாக நகரவில்லை என்று பொருள். நேரில் பரிசோதனை செய்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

முதல் வகையினர், கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்து, மேல் முன்பற்களின் நடுவை அதற்கு நேராக நிறுத்தி, கீழ்ப்பற்களின் நடு அந்தக் கோட்டைவிட்டு விலகாத அளவுக்கு மட்டும் மெதுவாகத் திறக்க வேண்டும். விலகத் தொடங்கும் இடமே அன்றைய எல்லை. ஒரு வாரம் ஆன பிறகு, கட்டைவிரலை மோவாயின் அடியில் வைத்து, மிக லேசான தடை கொடுத்தபடி திறந்து, 5 விநாடி நிறுத்தி மூடலாம். விரல் கொடுக்கும் அழுத்தம் தாடையை அசைக்குமளவுக்கு இருந்தால் அது அதிகம்.

இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் வாய் திறக்கிறது. கரண்டிக் காம்பை வைத்து நெம்பித் திறக்கலாமா?

வேண்டாம். பெரியவர்களுக்கு முன்பற்களுக்கு இடையே ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் திறப்பது இயல்பு. அவரவர் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைத்தால் தோராயமாக அளவு தெரிந்துவிடும். முன்பு சத்தம் போட்டுக்கொண்டிருந்த மூட்டு ஒரு நாள் திடீரென்று சத்தத்தை நிறுத்தி, திறப்பும் குறைந்துவிட்டால், தட்டு விலகிய இடத்திலேயே சிக்கியிருக்கலாம். அதைச் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தசை இறுக்கம்தான் காரணம் என்று உறுதியானால், ஈரச் சூட்டு ஒத்தடத்துக்குப் பிறகு, கட்டைவிரலை மேல் முன்பற்களிலும் சுட்டுவிரலைக் கீழ் முன்பற்களிலும் வைத்து, இழுபடுவது தெரிகிற, ஆனால் வலிக்காத இடம்வரை மெதுவாக விரிக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் முந்தைய நாள் அளவு மீறியிருக்கிறீர்கள்.

சூட்டு ஒத்தடமா, பனிக்கட்டியா?

நாள்பட்ட இறுக்கத்துக்கு ஈரத்துணியில் இதமான சூடு, 15 நிமிடம். அடிபட்ட அல்லது திடீரென்று தொடங்கிய வலிக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி, 10 நிமிடம்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன். பயிற்சியால் நின்றுவிடுமா?

நிற்காது என்றே சொல்ல வேண்டும். விழித்திருக்கும்போது கடிப்பதைக் கவனத்தால் மாற்றலாம். உறக்கத்தில் நடப்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் இரவுக் கவசம் பற்களைத் தேய்விலிருந்து காக்கும். மாலைக்குப் பிறகு காபியையும் மதுவையும் தவிர்ப்பது சிலருக்கு உதவுகிறது. சில மனச்சோர்வு மருந்துகளாலும் பல் கடிப்பு கூடலாம். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக்கூடாது. காலை இறுக்கத்தைத் தளர்த்த, கன்னத்தில் பல்லைக் கடித்தால் புடைக்கும் இடத்தை இரு விரல்களால் ஓரிரு நிமிடம் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள்.

பயிற்சியை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டியது எப்போது?

திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிட்டாலோ, காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, அடிபட்ட பிறகு பற்கள் சரியாகப் பொருந்தாவிட்டாலோ தாமதிக்க வேண்டாம். நடக்கும்போதோ படியேறும்போதோ வந்து, நின்றால் தணிகிற தாடை வலி இதயத்திலிருந்து வரலாம். நெஞ்சழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலியும், உணவை மென்றுகொண்டிருக்கும்போது தாடை நோவும், பொட்டில் தொட்டால் வலியும் தோன்றினால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கக்கூடும். பார்வையைப் பறிக்கக்கூடியது என்பதால் அன்றே காட்ட வேண்டும்.

கொட்டாவி விடும்போதெல்லாம் தாடை பிடித்துக்கொள்கிறது.

கொட்டாவி வருவது தெரிந்ததும் நாக்கை அந்த 'ன'கர இடத்தில் ஒட்டவைத்து, மூடிய கையை மோவாயின் அடியில் முட்டுக்கொடுங்கள். கொட்டாவி வரும், வாய் மட்டும் பாதியோடு நிற்கும்.