சமதரைதானே, ஹேண்ட்பிரேக் எதற்கு?

காரைக்குடியில் எல்லாம் சமதரை, கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தெருவிலும் மழைநீர் ஓடத் திசை இருக்கிறது. கார் உருளவும் அந்தச் சரிவு போதும். அதிலும் செட்டிநாட்டு வீடுகள் தெருவைவிட உயரமாகக் கட்டப்பட்டவை. வாசல் சரிவில் நிற்கும் காரைக் கியர் மட்டும் நம்பி விடுவது வம்பு.

கியரில் நிற்கும் கார் என்ஜினின் அழுத்தத்தால் நிற்கிறது. அது மெல்ல நழுவலாம். ஆட்டோமேட்டிக் காரில் 'பி' (பார்க்கிங்) போட்டால், கியர்பெட்டிக்குள் ஒரு சிறு கொக்கிதான் முழு எடையையும் தாங்கும். ஹேண்ட்பிரேக்கோ பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களையே கேபிளால் இறுக்கிப் பிடிக்கிறது.

வரிசை முக்கியம். கால்பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வாருங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், காலை எடுங்கள். எடை பிரேக்கில் அமர்ந்த பிறகு கியர் போடுங்கள்: மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். குன்றக்குடி மலையடிவாரம் போன்ற சரிவுகளில் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்பேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே விதிவிலக்கு. ஊர்த் திருவிழாவுக்கு வந்து, காரை ஷெட்டில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிடுங்கள். ஈரத்தோடு இறுக்கி விட்டால் பிரேக் கட்டை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் பழைய கார் அப்படித்தான் ஒருமுறை நகர மறுத்தது. மெக்கானிக் சுத்தியலோடு வந்தார். தரை சமமாக இருந்தால் கியரும் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகளும் அங்கே போதும்.