உங்கள் சர்க்யூட், எங்கள் பதில்: வீட்டில் செய்யும் டிஜிட்டல் பிளேயரும் டாக் போர்டும்

கே: ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்து ஹாலில் உள்ள ஆம்பிளிஃபயருக்கு ஒரு பிளேயர் செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?
(வாசகர், ஈரோடு)

இந்தச் சிறு கணினிப் போர்டில் ஆடியோ ஜாக் கிடையாது. டிஜிட்டல் ஒலியை வெளியே எடுக்க ஐ2எஸ் பின்கள் இருக்கின்றன. அவற்றில் வரும் பிட்களை அனலாகாக மாற்ற ஒரு டாக் போர்டு வேண்டும். பிசிஎம்5102ஏ சிப் உள்ள ஊதா நிறச் சிறு போர்டு போதும். சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். கூடவே 5 வோல்ட் 2.5 ஆம்ப் அடாப்டர், 16 அல்லது 32 ஜிபி மெமரி கார்டு, 40 பின் ஹெடர், ஆறேழு ஜம்பர் வயர்கள், ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ கேபிள். பல ஜீரோ போர்டுகள் ஹெடர் இல்லாமலே வரும், ஆகவே சாலிடரிங் அயர்னைத் தவிர்க்க முடியாது.

இணைப்பு இப்படி: டாக்கின் விஐஎன் (மின்சாரம்) பை போர்டின் 4ஆம் பின்னுக்கு, பிசிகே (பிட் கிளாக்) 12க்கு, எல்சிகே (இடது-வலது கிளாக்) 35க்கு, டிஐஎன் (தரவு) 40க்கு, கிரவுண்டு 39க்கு. கிரவுண்டுக்கு எந்தப் பின் ஆனாலும் சரிதான் என்று 6ஆம் பின்னில் மாட்டுவார்கள். வேலை செய்யும். ஆனால் சிக்னல் வயருக்குப் பக்கத்திலேயே அதன் கிரவுண்டு திரும்பி வந்தால்தான் இரைச்சல் குறையும். 39ஆம் பின் 40க்கு நேர் எதிரில் இருக்கிறது. வயர் 10 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். பிசிகே வயரில் ஓடுவது 28 லட்சம் ஹெர்ட்ஸ் அளவு துடிப்பு. நீண்ட வயரில் அது முனையில் மோதித் திரும்பி, 'டிக் டிக்' என்று இடையிடையே ஒலிக்கும். நீளம் தவிர்க்க முடியாவிட்டால் பை போர்டின் முனையில், பிசிகே வயரோடு தொடராக 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள்.

மென்பொருளுக்கு வால்யூமியோ அல்லது மூட் ஆடியோ, இரண்டில் ஒன்று. செட்டிங்கில் ஐ2எஸ் டாக் பட்டியலில் 'ஹைஃபைபெர்ரி டாக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பெயரில் 'பிளஸ்' சேர்ந்தது வேறு சிப்புக்கானது. அந்த டிரைவர் ஐ2சி என்ற கட்டுப்பாட்டு வயர்கள் வழியாகச் சிப்பைத் தேடும். நம் போர்டில் அந்த வசதியே இல்லாததால் கிடைக்காது, சவுண்டு கார்டே தெரியாமல் போய்விடும்.

கே: சொன்னபடி எல்லாம் மாட்டிவிட்டேன். பாட்டு ஓடுவதாகத் திரையில் காட்டுகிறது, ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. போர்டு போய்விட்டதா?
(வாசகர், நாகர்கோவில்)

போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் எச்1எல், எச்2எல், எச்3எல், எச்4எல் என்று நான்கு இடங்களில் மும்மூன்று சாலிடர் புள்ளிகள் இருக்கும். நடுப்புள்ளியை எச் பக்கமோ எல் பக்கமோ ஈயப்பொட்டு வைத்து இணைக்க வேண்டும். 1, 2, 4 மூன்றும் எல் பக்கம். 3 மட்டும் எச் பக்கம். இந்த 3 தான் மியூட். அது 0 வோல்ட்டில் இருந்தால் சிப் வாயே திறக்காது. இணைக்காமலே விற்பனைக்கு வரும் போர்டுகள் ஏராளம்.

முன்பக்கத்தில் எஸ்சிகே என்ற இடத்தில் இரண்டு புள்ளிகள் உண்டு. அவற்றையும் ஒட்டுங்கள். எஸ்சிகே கிரவுண்டோடு சேர்ந்தால்தான், தனக்கு வேண்டிய மாஸ்டர் கிளாக்கைச் சிப் பிசிகேயிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும். பை போர்டு அந்தக் கிளாக்கைத் தருவதில்லை. எஸ்சிகேயை அந்தரத்தில் விட்டால் ஒருநாள் பாடும், ஒருநாள் கரகரக்கும்.

ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டாலும் மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டில் பிடியுங்கள். மியூட் பின்னில் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது பிசிகேயில் 1.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். பாதி நேரம் 3.3, பாதி நேரம் 0 என்று துடிப்பதால் மீட்டருக்கு அதன் சராசரிதான் தெரியும். எல்சிகேயிலும் அதே 1.6. எதிலாவது சுத்தமாக 0 அல்லது 3.3 என்று நின்றால் கிளாக் வரவில்லை. வயரையோ மென்பொருள் தேர்வையோ சரிபாருங்கள். இரண்டிலும் 1.6 இருந்தும் ஊமையாக இருந்தால் பிசிகே, எல்சிகே வயர்கள் இடம் மாறியிருக்கும். மீட்டர் அதைக் கண்டுபிடிக்காது.

பாட்டு புரிகிறது, ஆனால் கிழிந்தது போல் கேட்கிறது என்றால் 4ஆவது இணைப்பு எச் பக்கம் இருக்கிறது. அப்போது சிப் வேறொரு வடிவத்தை எதிர்பார்க்கும். ஐ2எஸ் தரவு ஒரு பிட் தள்ளி வருவதால் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் பிட்டே தொலைந்து, அலையின் கீழ்ப்பாதி சிதைந்துவிடும்.

கே: பாட்டு நிற்கும்போது 'ங்ங்ங்' என்று உறுமலும், மெல்லிய விசில் சத்தமும் கேட்கின்றன. இதைவிட உயர்ந்த இஎஸ்9038 சிப் போர்டுக்கு மாறினால் தீருமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

தீராது. பிசிஎம்5102ஏயின் இரைச்சல் அளவு சிக்னலுக்கு 112 டெசிபெல் கீழே. 16 பிட் சிடியில் கிடைப்பதே சுமார் 96 முதல் 98 டெசிபெல்தான். உங்கள் காதில் விழும் உறுமல் சிப்பிலிருந்து வரவில்லை, மின்சாரத்திலிருந்தும் கிரவுண்டிலிருந்தும் வருகிறது. விலையுயர்ந்த போர்டும் அதே அடாப்டரில் அதே உறுமலை உறுமும்.

இரண்டு சத்தங்களுக்கும் இரண்டு காரணங்கள். முதலில் அடாப்டரைக் கழற்றிவிட்டு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் மறைந்தால் குற்றவாளி அடாப்டர். இரண்டு பின் அடாப்டர்களுக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் சிறு கெபாசிட்டர் ஒன்று உண்டு. அதன் வழியாக மிகச் சிறிய 50 ஹெர்ட்ஸ் கசிவு எப்போதும் இருக்கும். உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று தெரிவது அதுதான். உங்கள் ஆம்புக்கு மூன்று பின் பிளக் என்றால், அந்தக் கசிவு ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு வழியாக ஓடி எர்த்துக்குப் போகிறது. போகிற வழியில் சிக்னலோடும் கலந்துவிடுகிறது. எர்த் இணைப்புள்ள மூன்று பின் அடாப்டருக்கு மாறுங்கள், அல்லது ஆர்சிஏ வழியில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஆம்பின் எர்த் பின்னை வெட்டினாலும் உறுமல் போகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆம்புக்குள் ஏதாவது ஷார்ட் ஆனால் உயிரும் போகும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பவர் பேங்கிலும் விசில் தொடர்ந்தால், டாக்கிலிருந்து வரும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றி ஆம்பின் இன்புட்டை ஷார்ட் செய்து பாருங்கள். அப்போதும் கேட்டால் அது ஆம்பின் சத்தம். கேட்காவிட்டால், மெமரி கார்டையும் வைஃபையையும் இயக்கும்போது 5 வோல்ட் லைனில் எழும் நடுக்கம் டாக்குக்குள் நுழைகிறது. வைத்தியம் மலிவானது: 4ஆம் பின்னிலிருந்து விஐஎன் போகும் வழியில் 10 ஓம் ரெசிஸ்டர், அதன் டாக் பக்க முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெபாசிட்டர். போர்டு எடுப்பது சுமார் 30 மில்லிஆம்ப், ஆக 0.3 வோல்ட்தான் இழப்பு. மீதி 4.7 வோல்ட், போர்டில் உள்ள 3.3 வோல்ட் ரெகுலேட்டருக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. 16 ஹெர்ட்ஸுக்கு மேலான நடுக்கத்தை இந்த ஜோடி அடக்கத் தொடங்கும். கெபாசிட்டரின் மைனஸ் கோட்டைக் கவனித்துப் போடுங்கள். தலைகீழாகப் போட்டால் வீங்கும், சில சமயம் வெடிக்கும்.

இதெல்லாம் செய்து முடித்த பிறகும் செலவு செய்ய ஆசை என்றால், 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிறிஸ்டல்களோடு வரும் டாக் போர்டு வாங்குங்கள். பை போர்டு தன் கிளாக்கைப் பின்னத்தில் வகுத்து 44.1 கிலோஹெர்ட்ஸைத் தோராயமாக்கித் தருகிறது. அந்தக் கிறிஸ்டல்களோ 44.1க்கும் 48க்கும் சரியாக 512 மடங்கு. காதில் வித்தியாசம் தெரியுமா என்பது வேறு கதை.

கே: இதே டாக்கில் ஹெட்போனைச் செருகினால் ஒலி மிகக் குறைவு. சரி என்று பிஏஎம்8403 ஆம்ப் போர்டு வாங்கி, இரண்டு மைனஸையும் சேர்த்து ஜாக்கின் கிரவுண்டில் கொடுத்தேன். ஐசி சுடுகிறது.
(வாசகர், யாழ்ப்பாணம்)

உடனே கழற்றுங்கள். பிஏஎம்8403 ஸ்பீக்கருக்கானது. அதன் 'மைனஸ்' கிரவுண்டு அல்ல. பிளஸ்ஸுக்கு எதிர்த்திசையில் ஆடும் இன்னொரு அவுட்புட். இடது மைனஸும் வலது மைனஸும் தனித்தனி ஆம்புகள். அவற்றைச் சேர்ப்பது இரண்டு ஆம்புகளை ஒன்றோடொன்று மோதவிடுவதுதான். ஹெட்போன் ஜாக்கில் இரு காதுக்கும் ஒரே கிரவுண்டு என்பதால் இந்த வகை ஆம்ப் அதற்கு எந்த விதத்திலும் பொருந்தாது.

டாக்கில் நேராகச் செருகியபோது குறைந்ததற்குக் காரணம், போர்டின் அவுட்புட்டில் தொடராக இருக்கும் 470 ஓம். சிப் தரும் 2.1 வோல்ட்டில் 32 ஓம் ஹெட்போனுக்கு வந்து சேர்வது 0.13 வோல்ட், அதாவது அரை மில்லிவாட்டுக்குச் சற்று மேல். அந்த 470 ஓமை ஷார்ட் செய்துவிடலாமே என்று தோன்றும். சிப் தாங்கும் லோடு 1 கிலோஓமுக்குக் குறையக் கூடாது, ஆகவே வேண்டாம்.

டிடிஏ1308 ஐசி உள்ள ஹெட்போன் ஆம்ப் போர்டு வாங்குங்கள். 5 வோல்ட்டில் ஓடும். அவுட்புட் கெபாசிட்டர் 220 மைக்ரோஃபாரட் இருக்கிறதா என்று பாருங்கள்: 32 ஓமுக்கு அது 23 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 100 தான் இருக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸிலேயே பாஸ் சரியத் தொடங்கும். டிபிஏ6132ஏ2 கிடைத்தால் இன்னும் நல்லது, அதற்கு அவுட்புட் கெபாசிட்டரே தேவையில்லை. வால்யூமுக்கு டாக்கிற்கும் ஆம்புக்கும் நடுவில் 10 கே ஸ்டீரியோ பாட் (திருகும் ரெசிஸ்டர்), லாக் வகை. ஏ10கே என்று அச்சிட்டிருக்கும். பி10கே வாங்கினால் திருகின் முதல் கால்வாசியிலேயே காது கிழியும்.

கே: கல்லூரி புராஜெக்டுக்கு டாக் சிப்பே இல்லாமல், 1% ரெசிஸ்டர்களை ஆர்-2ஆர் ஏணியாக அடுக்கி 16 பிட் மாற்றி செய்ய நினைக்கிறோம். நடக்குமா?
(மாணவர்கள், திருநெல்வேலி)

ஏணி வேலை செய்யும், 16 பிட் கிடைக்காது. மேல் பிட்டின் எடை மொத்தத்தில் பாதி. கீழ் பிட்டின் எடை 65,536இல் ஒரு பங்கு. மேல் ரெசிஸ்டரில் வரும் பிழை, கீழ் பிட்டின் எடையைவிடச் சிறியதாக இருந்தால்தான் அந்தக் கீழ் பிட்டுக்கு அர்த்தம் உண்டு. அதற்கு 0.0015% துல்லியம் வேண்டும். 1% ரெசிஸ்டரில் 6, 7 பிட்டுகளுக்குக் கீழே உள்ளவை மேல் பிட்டின் பிழையிலேயே மூழ்கிவிடும். 0.1% வாங்கினால் 10 பிட் வரலாம்.

ஆகவே 8 பிட்டோடு நிறுத்துங்கள், புராஜெக்டுக்கு அதுவே நிறைவு. ஆர், 2ஆர் என்று இரண்டு மதிப்புகள் வாங்க வேண்டாம். ஒரே டேப் பட்டையில் ஒட்டி வரும் 10 கே ரெசிஸ்டர் முப்பது வாங்கி, 2ஆர் வேண்டிய இடத்தில் இரண்டைத் தொடராகப் போடுங்கள். ஒரே பட்டையில் உள்ளவை 1%ஐவிட நெருக்கமாகவே ஒத்திருக்கும். மீட்டரில் அளந்து, மிக நெருங்கியவற்றை மேல் பிட்டுக்கு ஒதுக்குங்கள். 1 கே போட்டால் மைக்ரோகண்ட்ரோலர் பின்னின் சொந்தத் தடையான சில பத்து ஓம்களே கணக்கைக் கெடுத்துவிடும். 10 கேயில் அது அவ்வளவு பாதிக்காது.

அவுட்புட்டில் வடிகட்டி போட மறக்காதீர்கள். அது இல்லாமல் படிக்கட்டு அலை அப்படியே ஆம்புக்குள் போகும். இன்னொன்று: 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓவர்சாம்பிளிங் (இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) இல்லாத எந்த டாக்கிலும் 20 கிலோஹெர்ட்ஸ் சுமார் 3.2 டெசிபெல் குறைந்தே வரும். அளந்து பார்த்துவிட்டு ரெசிஸ்டர் மேல் பழி போட வேண்டாம்.

கே: ஈஎஸ்பி32-எஸ்3 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் புளூடூத் ரிசீவர் புரோகிராம் கம்பைல் ஆகவே மாட்டேன் என்கிறது.
(வாசகர், ஓசூர்)

ஆகாது. எஸ்3, சி3 இரண்டிலும் லோ எனர்ஜி புளூடூத் மட்டும்தான். போனிலிருந்து பாட்டு வரும் ஏ2டிபிக்கு கிளாசிக் புளூடூத் வேண்டும். அது பழைய, பின்னொட்டு இல்லாத ஈஎஸ்பி32இல் இருக்கிறது. டாக்கின் பிசிகே அதன் ஜிபிஐஓ 26க்கு, எல்சிகே 25க்கு, டிஐஎன் 22க்கு. எஸ்3ஐத் தூக்கிப் போட வேண்டாம், மெமரி கார்டு பிளேயருக்கும் இணைய ரேடியோவுக்கும் அதுதான் நல்லது.

கே: டிவிடி பிளேயரின் கோஆக்சியல் அவுட்டை டாக் போர்டின் டிஐஎன்னில் கொடுக்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

கூடாது. அந்த ஒற்றை வயரில் கிளாக்கும் தரவும் பின்னிப் பிணைந்து வருகின்றன, அதுவும் அரை வோல்ட் அளவில். டாக்குக்கு பிசிகே, எல்சிகே, டிஐஎன் மூன்றும் தனித்தனியாக, 3.3 வோல்ட்டில் வேண்டும். நடுவில் டிஐஆர்9001 அல்லது சிஎஸ்8416 ரிசீவர் போர்டு ஒன்று போட்டால் அது பிரித்துத் தரும். பிளேயர் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டால் டாக்குக்குப் புரியாமல் சீறல் சத்தம்தான் வரும்.

கே: பிளேயரை 18650 பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?
(வாசகர், புதுச்சேரி)

2600 மில்லிஆம்ப்-மணி செல் ஒன்றில் 9.6 வாட்-மணி இருக்கும். 5 வோல்ட்டாக உயர்த்தும் போர்டில் 15% போனால் மீதி 8.2. பை ஜீரோவும் டாக்கும் சேர்ந்து 350 மில்லிஆம்ப் எடுப்பதாக வைத்தால் 1.75 வாட், ஆக நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் போர்டு எடுப்பதை மீட்டரில் அளந்து இதே கணக்கைப் போடுங்கள். டிபி4056 சார்ஜர் போர்டில் சார்ஜ் ஏறும்போதே பாட்டும் ஓடவிட்டால், பிளேயர் எடுக்கும் கரண்டையும் செல்லுக்குப் போவதாக எண்ணி அது சார்ஜை நிறுத்தாது. பவர் பேங்க் ஐசியான ஐபி5306 போட்டால் எதிர்ச்சிக்கல்: லோடு சுமார் 50 மில்லிஆம்புக்குக் கீழே போனால் அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும். பை போர்டுக்கு அந்தப் பயம் இல்லை, ஈஎஸ்பி32 பாட்டை நிறுத்தித் தூங்கும்போது உண்டு.

சுவிட்சைப் பட்டென்று அணைத்தால் மெமரி கார்டு கெடும். கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ ஷட்டவுன் ஓவர்லே என்ற அமைப்பு வரியைச் சேர்த்து, பை போர்டின் 5ஆம், 6ஆம் பின்களுக்கு நடுவில் ஒரு புஷ் பட்டன் வையுங்கள். ஒரு அழுத்தில் முறையாக அணையும், மறு அழுத்தில் எழும். பச்சை விளக்கு நின்ற பிறகே பேட்டரி சுவிட்சில் கை வையுங்கள்.

கே: என்னிடம் உள்ள எம்பி3 பாடல்களை எல்லாம் ஃபிளாக்காக மாற்றிவிட்டால் இந்த டாக்கில் தரம் கூடுமா?
(வாசகி, மதுரை)

கோப்பின் அளவு கூடும், தரம் கூடாது. எம்பி3 ஆக்கும்போது வெட்டிய பகுதி திரும்பி வராது. ஒரிஜினல் சிடி கையில் இருந்தால் அதிலிருந்து நேராக, எதையும் வெட்டாமல் சுருக்கும் ஃபிளாக் எடுங்கள். ஒரு மணி நேரச் சிடி அப்படியே 635 எம்பி. ஃபிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டி வரும்.