15 வயதுப் பையன், 13 வயதுப் பெண்: கரீபியன் க்ரூஸ் சரிப்படுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் குடும்பம். பையனுக்கு 15, பெண்ணுக்கு 13. கோடை விடுமுறையில் புளோரிடாவிலிருந்து ஒரு வாரக் கரீபியன் க்ரூஸ் போகலாமா, இல்லை கப்பலுக்குள் அடைபட்டு "போர் அடிக்குது" என்று பிள்ளைகள் உயிரை எடுப்பார்களா?

எடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே வயதில் இரண்டு பேர். இந்த வயதுப் பிள்ளைகளோடு எந்த ஊருக்குப் போனாலும் சண்டை வருவது இரண்டு நேரத்தில்: காலையில் எழுப்பும்போது, நாலு பேரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று சொல்லும்போது. க்ரூஸில் இரண்டுக்கும் அவசியமே இல்லை. அவன் மத்தியானம் எழுந்து நேராகப் பீட்சா கவுன்ட்டருக்குப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் மேல்தளத்தில் நீச்சல் குளத்தில் இருக்கும்போது நீங்கள் பாட்டுக்குக் காபியோடு கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். புது ஊரில் 15 வயதுப் பிள்ளையைத் தனியாகப் "போயிட்டு வா" என்று அனுப்ப நமக்கு மனசு வராது. கப்பலில் வரும். க்ரூஸுக்குக் கொடுக்கும் காசே இதற்குத்தான் என்பது என் எண்ணம். தீவுகள் இரண்டாம் பட்சம். ஒரு துறைமுகத்தில் காலையில் இறங்கி மாலையில் ஏறிவிட்டு ஜமைக்காவைப் பார்த்துவிட்டோம் என்று சொல்வதெல்லாம் கொஞ்சம் அதிகப்படி.

அதனால் முதலில் கப்பலைத் தேர்ந்தெடுங்கள், எந்தத் தீவு என்பது அப்புறம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற பெரிய கப்பல்களில் வாட்டர் ஸ்லைடுகள், ஏறுவதற்குப் பாறைச் சுவர், ஐஸ் ஸ்கேட்டிங் எல்லாம் உண்டு. அவ்வளவு புதுக் கப்பல்தான் வேண்டும் என்றில்லை. அதை ஓட்டும் ராயல் கரீபியன் கம்பெனியின் பழைய கப்பல்களில் டிக்கெட் கணிசமாகக் குறையும், இந்த வயதுக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கேயும் இருக்கும். ஓய்வு பெற்ற தம்பதிகள் விரும்பும் அமைதியான கப்பல்களை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சாப்பாடு பிரமாதமாக இருக்கும், ஆனால் உங்கள் பையனோடு பேச அவன் வயதில் ஆள் இருக்காது.

டீன் ஏஜ் பிள்ளைகள் மட்டும் கூடுவதற்குக் கப்பலில் தனி அறை உண்டு, டீன் கிளப் என்பார்கள். அதன் வயது வரம்பைப் புக் பண்ணும் முன்பே பாருங்கள். கார்னிவல் கம்பெனிக் கப்பல்களில் 12 முதல் 14 வரை ஒரு கிளப், 15 முதல் 17 வரை இன்னொன்று. உங்கள் பிள்ளைகள் இருவரும் வேறு வேறு அறைக்குப் போவார்கள். அண்ணன் கண்ணில் படாமல் இருப்பதில் தங்கைக்கும், தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இல்லாததில் அண்ணனுக்கும் ஒரே சந்தோஷம். டிஸ்னி கப்பல்களிலும் இப்படி இரண்டு கிளப் உண்டு, 14 வயதுக்காரர்கள் எதற்கு வேண்டுமானாலும் போகலாம்.

முதல் நாள் இரவு என்ன ஆனாலும் கிளப்புக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைக்குத்தான் கூட்டு சேர்கிறது. மூன்றாம் நாள் போகிற பிள்ளைக்கு எல்லாரும் ஏற்கெனவே செட் சேர்ந்துவிட்டது போலத் தெரியும், திரும்பி வந்துவிடும். எங்கள் பெண் முதல் நாள் கதவு வரை வந்துவிட்டு உள்ளே போக மாட்டேன் என்று நின்றாள். நான் பக்கத்தில் போனேன். "அம்மா, ப்ளீஸ், நீ லிஃப்ட்கிட்ட போய் நில்லு" என்றாள். நான் லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருந்த கப்பல் வரைபடத்தைப் பத்து நிமிடம் படித்தேன். எந்தத் தளத்தில் எத்தனை கழிப்பறை என்பது வரைக்கும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். இரவு பத்தரைக்கு ஒரு மெசேஜ்: "லேட்டாகும், சாப்பிட்டாச்சு." அதற்குப் பிறகு அந்த வாரத்தில் அவளை நிதானமாகப் பார்த்தது இரவுச் சாப்பாட்டு மேஜையில்தான்.

அதனால்தான் இரவுச் சாப்பாட்டை மட்டும் எங்கள் வீட்டுச் சட்டமாக வைத்திருக்கிறோம். மற்ற நேரம் உங்கள் இஷ்டம், டின்னருக்கு நாலு பேரும் வந்தாக வேண்டும். தினமும் அதே மேஜை, அதே வெயிட்டர். சைவம் என்றால் முதல் நாளே தலைமை வெயிட்டரிடம் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகளில் இந்திய உணவு செய்து தருவார்கள், ஊழியர்களில் கோவாக்காரர்களும் மலையாளிகளும் நிறைய. மெனுவில் இல்லாத பருப்பும் சாதமும் மறுநாள் மேஜைக்கு வந்துவிடும்.

இன்னும் சில சட்டங்களைக் கப்பல் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். யாருடைய கேபினுக்குள்ளும் போகக் கூடாது, யாரையும் நம் கேபினுக்குக் கூட்டி வரக் கூடாது. இதில் நான் கறார். கப்பலில் ஆயிரக்கணக்கான முன்பின் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், பொது இடங்களில் கேமரா உண்டு, கேபினுக்குள் கிடையாது. பால்கனிக் கம்பியில் ஏறுவது, உட்காருவது எதுவும் கூடாது. பல கப்பல்களில் 17 வயது வரைக்கும் இரவு ஒரு மணிக்கு மேல் பெற்றோர் இல்லாமல் பொது இடத்தில் சுற்றக் கூடாது. நாங்கள் அதைப் பன்னிரண்டாக்கினோம். பேரம் நடந்தது, பன்னிரண்டரையில் முடிந்தது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்களில் மது 21 வயதுக்கு மேல்தான். இன்னொன்று, அறைச் சாவியாக இருக்கும் அட்டைதான் கப்பலில் பர்ஸும். வீடியோ கேம் அறையில் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கலாம். கெஸ்ட் சர்வீசஸில் சொல்லி அவர்கள் அட்டைக்கு உச்சவரம்பு வைக்கலாம், இல்லை செலவையே பூட்டிவிடலாம்.

கேபின் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு பேருக்கு ஒரே அறை என்றால் மேலிருந்து இறங்கும் மடக்குக் கட்டில்களில் பிள்ளைகள் தூங்குவார்கள். மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பேருக்கு ஒரே ஒரு குளியலறை, அதிலும் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கும் வயது! நடுவே உள்கதவு வைத்து இணைத்த இரண்டு கேபின்கள் கிடைத்தால் எடுங்கள். பிள்ளைகளுக்கு ஜன்னல் இல்லாத உள் கேபின் போதும், இருட்டில் மத்தியானம் வரை தூங்குவார்கள். பொதுவாக 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணை இல்லாமல் கேபினில் தங்க முடியாது. பெற்றோரின் அறை ஒட்டியோ எதிரிலோ இருந்தால் விலக்கு உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். யாருக்காவது தலைசுற்றல் வருமென்றால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

வை-ஃபை ஒரு தனிச் செலவு. ஒரு கருவிக்கு இத்தனை நாள் என்று விற்பார்கள், நாலு போனுக்கும் வாங்கினால் கண்ணைக் கட்டும். கப்பல் ஏறும் முன் ஆன்லைனில் வாங்கினால் கொஞ்சம் குறையும். நாங்கள் ஒன்றே ஒன்று வாங்கி, ஒருவர் லாக் அவுட் செய்தபின் இன்னொருவர் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். குடும்பத்துக்குள் மெசேஜ் அனுப்பக் கப்பலின் ஆப் போதும். துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதும் எல்லாப் போனையும் ஏர்பிளேன் மோடில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் போன் தானாகக் கப்பலின் செல்போன் நெட்வொர்க்கில் போய் ஒட்டிக்கொள்ளும், அந்த ரோமிங் பில் வயிற்றெரிச்சல். டிப்ஸும் தனி: ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை பில்லில் தானாக ஏறும், குழந்தைகளுக்கும் உண்டு.

இப்போது தீவுகள். டீன் ஏஜ் என்றால் மேற்குக் கரீபியன் வழியைச் சொல்வேன்: கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா. கடைத்தெரு சுற்றுவது குறைவு, தண்ணீரில் இறங்குவது அதிகம். கிராண்ட் கேமனில் பெரிய கப்பலுக்குத் துறைமேடை கிடையாது, நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே ஸ்டிங்ரே சிட்டி போகாமல் வராதீர்கள். மீனவர்கள் பிடித்த மீனை அங்கே நிறுத்திச் சுத்தம் செய்து கழிவைத் தண்ணீரில் எறிவார்களாம், அதைத் தின்ன வந்து பழகிய திருக்கை மீன்கள் இன்றைக்கும் படகுச் சத்தம் கேட்டால் வருகின்றன. கடலுக்கு நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் மணல் திட்டில் நிற்கிறோம். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்கச் சொல்வார்கள், திருக்கையை மிதித்துவிடக் கூடாதென்று. ஒன்று வந்து தொடையில் உரசிக்கொண்டு போனது, நனைந்த காளானைத் தொட்டது போல வழவழவென்று. எதற்கும் அசையாத எங்கள் பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்திய ஒரே இடம் அதுதான். அப்போது போன் படகில் இருந்ததால் போட்டோ இல்லை, அவனுக்கு அதில் பரம திருப்தி.

இந்த வழியில் ஒரு சிக்கல்: நேரம். கோசுமெல், கேமன், ஜமைக்கா மூன்றிலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் இல்லை. மயாமியில் உண்டு. பெரும்பாலும் கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடும். ஆக ஜூன் மாதம் கப்பலில் மாலை 4 மணி என்றால் கோசுமெல் கரையில் 3 மணிதான். போன் சிக்னல் பிடித்ததும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறி, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. தானாக மாறாத ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து ஆளுக்கொன்று கட்டிவிடுங்கள்.

கிழக்கு வழியில் போனால் செயின்ட் மார்ட்டின் வரும். மாஹோ கடற்கரையில் விமானங்கள் தலைக்கு மேல் உரசுகிற மாதிரி இறங்குவதைப் பார்க்கப் பையன்கள் துடிப்பார்கள். இறங்குவதைப் பார்க்கட்டும். புறப்படும் விமானத்துக்குப் பின்னால் ஓடுபாதை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும் விடாதீர்கள், 2017இல் அந்தக் காற்று தூக்கி எறிந்து ஒரு பெண் இறந்துபோனார். தெற்கு வழி என்றால் சில கப்பல்கள் மார்ட்டினிக், குவாதலூப் போகும். 1850களில் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன பிரெஞ்சுத் தீவுகள் அவை. அங்கே மாரியம்மன் வழிபாடு இன்னும் இருக்கிறது. எனக்கு அந்த வழிதான் ஆசை, வீட்டில் ஓட்டெடுப்பில் தோற்றுப்போனேன்.

புயல் பற்றி: சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை உச்சம். பள்ளி விடுமுறைக்குள் ஜூன் தேவலை. ஆனால் 2024இல் பெரில் என்ற புயல் ஜூலைத் தொடக்கத்திலேயே உச்சமான ஐந்தாம் வகையை எட்டிவிட்டது. கப்பல் புயலுக்குள் போகாது, சுற்றிப் போகும். நீங்கள் காசு கொடுத்த தீவு மாறிவிடலாம், அதற்குத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பி வரும். பயணக் காப்பீடு எடுங்கள், கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே விமானத்தில் போய்ச் சேருங்கள்.

கடைசியாக விசா, எச்-1பி என்பதால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் திரும்பி வரும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும். ஸ்டாம்ப் முடிந்து, இன்னும் காலாவதியாகாத ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) வைத்துக்கொண்டு கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்பும் சலுகை எச்-1பி ஆட்களுக்கும், எச்-4 விசாவில் இருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கரீபியன் தீவுகளில் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு தீவிலும் விதி வேறு, கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காகிதம் சரியில்லையென்றால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், பணமும் வராது. பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாக இருந்து, கப்பல் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்புவதானால், பிறப்புச் சான்றிதழே போதும் என்பார்கள். இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். நடுவில் யாருக்காவது உடம்பு முடியாமல் தீவிலிருந்து விமானம் ஏற வேண்டி வந்தால் அது இல்லாமல் நகர முடியாது. ஸ்டாம்ப் முடிந்திருந்தால் இந்தக் கோடைக்கு க்ரூஸை விட்டுவிட்டு விமானத்தில் புவேர்ட்டோ ரிக்கோ போங்கள். அது அமெரிக்க மண், திரும்பி வர ஸ்டாம்ப் தேவையில்லை. சான் ஹுவானில் கடலும் இருக்கிறது, பதினாறாம் நூற்றாண்டு எல் மோரோ கோட்டையும் இருக்கிறது. டீன் கிளப்தான் இருக்காது.