மகள் பாலினக் கல்வி படிக்க விரும்புகிறாள்: கையிலிருக்கும் பணத்தைக் கட்டிவிடலாமா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்ன் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து மூன்று ஆண்டுகள். மகளுக்கு 18 வயது, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். பி.ஏ. சேர்ந்து பாலினம், பாலியல், பன்முகத்தன்மை பற்றிய படிப்பை முதன்மைப் பாடமாக எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். என் கணவருக்கு இதில் விருப்பமில்லை. "நர்சிங்குக்கு வருஷம் நாலாயிரத்துச் சொச்சம், இதற்குப் பதினேழாயிரம். மூன்று வருஷத்தில் ஐம்பதாயிரம் கடன், வேலைக்கும் உத்தரவாதம் இல்லை" என்கிறார். வீட்டுக்கடனோடு இணைந்த ஆஃப்செட் கணக்கில் (இதில் இருக்கும் தொகை அளவுக்குக் கடன் வட்டி குறையும்) 55,000 டாலர் இருக்கிறது. வீட்டுக்கடன் வட்டி 5.9 சதவீதம். பிள்ளை தலையில் கடன் ஏறாமல் மொத்தக் கட்டணத்தையும் நாங்களே கட்டிவிடலாமா? கணவரும் நானும் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

– ஒரு தாய், மெல்பர்ன்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்களும் கணவரும் விண்ணப்பித்திருக்கிறீர்கள். மகள்? 15 வயது வரையுள்ள பிள்ளைகளைத்தான் பெற்றோரின் குடியுரிமை விண்ணப்பத்தில் சேர்க்க முடியும். உங்கள் மகள் தனியாக விண்ணப்பித்து, தானே உறுதிமொழி எடுத்தால்தான் குடிமகள். பல வீடுகளில் இது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. தெரியவரும்போது கல்லூரி திறந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிஆர் உள்ளவருக்கு அரசு மானிய இடம் (கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்கும்) கிடைக்கும், ஆனால் மீதிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஹெக்ஸ் கடன் கிடைக்காது. ஒவ்வொரு செமஸ்டர் கட்டணத்தையும் சென்சஸ் தேதிக்குள் (கட்டணம் கட்டவும் பாடத்திலிருந்து விலகவும் கடைசி நாள்) முழுதாகக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அந்தப் பாடங்களிலிருந்து பெயர் நீக்கப்படும். (மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர விசா பெற்றவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஈழத்திலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் ஹெக்ஸ் வாங்கலாம்.) சென்சஸ் தேதிக்கு ஒரு நாள் முன்பு குடியுரிமை கிடைத்தாலும் அந்த செமஸ்டர் முதல் ஹெக்ஸ் உண்டு. முந்தைய செமஸ்டர்களுக்குக் கட்டியதைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆகவே இந்த வாரமே அவள் பெயரில் விண்ணப்பம் போடுங்கள்.

அப்புறம் கட்டணம். உங்கள் கணவர் சொல்லும் தொகைகள் சரிதான். 2025 கணக்கில் சமூகம், பண்பாடு சார்ந்த பாடங்களுக்கு ஆண்டுக்கு 16,992 டாலர், நர்சிங்குக்கு 4,627. ஆனால் அந்தப் படிப்பின் மதிப்புக்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தம் இல்லை. 2021இல் நடைமுறைக்கு வந்த கட்டண மாற்றத்தில், மாணவர்களை வேறு பக்கம் திருப்புவதற்காகவே கலைப் பாடங்களின் விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். அதுவரை ஏழாயிரத்துக்கும் குறைவாக இருந்தது 14,500 ஆனது. அரசு அமைத்த குழு 2024இல் வெளியிட்ட பல்கலைக்கழக ஒப்பந்த அறிக்கையே இந்த முறையை மாற்றச் சொல்லிவிட்டது. எனக்கு இதில் கோபம் உண்டு. விலையைப் பார்த்துப் பிள்ளையின் பாடத்தைத் தீர்மானிக்கும் நிலைக்கு ஒரு வீட்டைத் தள்ளுவது நியாயமில்லை. நர்சிங் உயர்ந்த தொழில், மனம் ஒட்டாத ஒருவரை அதில் உட்காரவைப்பது நோயாளிக்கும் நல்லதல்ல. பாதியில் விட்டுவிட்டு மாறினால் இரண்டு படிப்புக்கும் காசு போகும்.

கட்டணம் பட்டத்துக்கு அல்ல, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி. ஆண்டுக்கு எட்டுப் பாடம் என்றால், பாலினக் கல்வியில் ஒரு பாடத்துக்கு 2,124 டாலர். அதே பி.ஏ.வுக்குள் ஒரு புள்ளியியல் பாடமோ, ஆங்கில இலக்கியமோ, ஒரு வெளிநாட்டு மொழியோ எடுத்தால் 578 டாலர்தான். விருப்பப் பாடங்களில் நான்கை இப்படித் தேர்ந்தால் ஆறாயிரம் டாலருக்கு மேல் மிச்சம். என்னைக் கேட்டால் புள்ளியியலைத்தான் சொல்வேன். சம்பள இடைவெளியைக் கணக்கிடத் தெரிந்த பாலினக் கல்வி மாணவிக்கு மதிப்பே தனி.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கணவரின் கவலை அங்கேதான் இருக்கிறது. விக்டோரியாவில் 2020ஆம் ஆண்டின் பாலினச் சமத்துவச் சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அரசுத்துறை அமைப்புகள், மாநகர மன்றங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் பணியிடப் பாலினத் தணிக்கை செய்து செயல்திட்டம் தர வேண்டும். நாடு முழுக்க 100 பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணியிடப் பாலினச் சமத்துவ முகமையிடம் அறிக்கை கொடுக்கின்றன. 2024 முதல் நிறுவனத்தின் பெயரோடு சம்பள இடைவெளி வெளியிடப்படுகிறது. இந்த வேலைகளைச் செய்ய ஆள் வேண்டும். குடும்ப வன்முறை குறித்த விக்டோரியாவின் அரச ஆணையம் 2016இல் 227 பரிந்துரைகள் தந்தது. அதன்பின் அந்தத் துறையும் வளர்ந்திருக்கிறது. 2019இல் வரதட்சணைக் கொடுமையையும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஒரு பெண் காப்பகத்தில் வந்து உட்கார்ந்து, நகையை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டதைத் தமிழில் சொல்லி அழும்போது, எதிரே இருப்பவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு குடும்ப வன்முறைப் பிரிவில் நேரடி ஆலோசகராக முடியாது. அதற்கு விக்டோரியாவில் சமூகப்பணிப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி கேட்கிறார்கள். மகளுக்கு அந்தப் பக்கம் நாட்டம் என்றால் பி.ஏ.வுக்குப் பிறகு சமூகப்பணி முதுகலை இரண்டு ஆண்டுகள் என்று இப்போதே கணக்கில் வையுங்கள். அரசு மானிய இடம் கிடைத்தால் 2025 கணக்கில் ஆண்டுக்கு 9,314 டாலர். கிடைக்காவிட்டால் செலவு மிக அதிகம். எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை மானிய இடம் என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, 55,000 டாலரைக் கட்டிவிடலாமா? குடியுரிமை வந்துவிட்டால் கட்ட வேண்டாம். முன்பெல்லாம் முன்கூட்டியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது இல்லை. ஹெக்ஸ் கடனுக்கு வட்டி கிடையாது. ஆண்டுதோறும் ஜூன் 1ஆம் தேதி, விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கடன் ஏறும். 2025இல் அது 3.2 சதவீதம். உங்கள் ஆஃப்செட் பணமோ 5.9 சதவீத வட்டியை மிச்சப்படுத்துகிறது. ஐம்பதாயிரம் அங்கே இருந்தால் ஆண்டுக்கு 2,950 டாலர் மிச்சம். அதே தொகைக்கு ஹெக்ஸ் 1,600 டாலர் ஏறும். எதை விட்டு எதைக் கட்டுவது என்று நீங்களே பாருங்கள்.

ஊரில் வாங்கும் கல்விக் கடனை மனதில் வைத்துத்தான் கணவர் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். இது அப்படியல்ல. ஜாமீன் கையெழுத்து இல்லை, வசூல்காரர் வாசலுக்கு வரமாட்டார். 2025-26 விதிப்படி மகளின் ஆண்டு வருமானம் 67,000 டாலரைத் தாண்டினால்தான் பிடித்தம். அதுவும், வருமானம் 125,000 டாலர் வரை, தாண்டிய தொகையில் 15 சதவீதம் மட்டும். 75,000 சம்பாதித்தால் ஆண்டுக்கு 1,200 டாலர். சம்பளம் குறைந்தால் பிடித்தமும் நின்றுவிடும். பிற்பாடு அவள் வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கி இந்தப் பிடித்தத்தையும் கணக்கில் எடுக்கும். அந்த ஒரு பாதிப்பு உண்மை. 2025இல் சட்டமான 20 சதவீதத் தள்ளுபடியை நம்பாதீர்கள். அது அந்த ஜூனில் இருந்த கடனுக்குத்தான்.

முதல் செமஸ்டரின் சென்சஸ் தேதிக்குள் குடியுரிமை வராது போலிருந்தால், நான்கு பாடங்களுக்கு 8,496 டாலரை ஆஃப்செட்டிலிருந்து எடுத்துக் கட்டுங்கள். விலை குறைந்த இரண்டு பாடங்களை அந்த செமஸ்டரிலேயே வைத்தால் 5,404 டாலரில் முடியும். இவை 2025 கணக்கு, ஆண்டுதோறும் இந்தத் தொகைகள் சற்று ஏறும். முதல் சில வாரங்களில் பாடம் ஒத்துவரவில்லை என்று மகள் சொன்னால், சென்சஸ் தேதிக்குள் விலகினால் அந்தப் பாடத்துக்கான பணம் திரும்ப வரும். அந்தத் தேதியை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.