சாலையின் மறுபக்கம்

அன்புள்ள ஐயா,

போன ஆண்டு மனைவி, பிள்ளைகளுடன் பாலி போயிருந்தேன். உலுவாட்டு கோயிலில் கெச்சாக் நடனம் பார்த்துச் சிலிர்த்துப் போனேன். திரும்பி வந்த பிறகுதான், அது 1930களில் வெளிநாட்டவர் பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது என்று படித்தேன். ஏமாந்துவிட்டதுபோல இருந்தது. வரும் டிசம்பரில் லாவோஸ் போகிறோம், 6 நாட்கள். லுவாங் பிரபாங்கில் பிக்குகள் விடியற்காலையில் பிச்சை ஏற்பதையாவது அசலாகப் பார்த்துவிட வேண்டும். சுற்றுலாக் கூட்டம் தொடாத பண்பாட்டைக் காண என்ன வழி? வழிகாட்டி வைக்கலாமா, உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழிகாட்டி, தங்குமிடம் எல்லாம் உங்கள் வசதி. ஆனால் 'சுற்றுலாக் கூட்டம் தொடாத' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் எனக்குள் ரொம்ப நாளாக உறுத்தும் இடத்தில் வந்து தைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேர்த்தி இல்லையா?

கெச்சாக்கை முதலில் முடித்துவிடுகிறேன். சங்யாங் என்னும் பழைய சாமியாட்டச் சடங்கில் ஆண்கள் எழுப்பும் 'சக், சக்' ஒலியை எடுத்து, ராமாயணக் கதையைச் சேர்த்து, பாலி நடனக்காரர் வாயன் லிம்பாக்கும் ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸும் அமைத்தது அது. உண்மைதான். அதனால் என்ன? 90 ஆண்டுகளாக ஆடிவருகிறார்கள். ரசித்துச் சிலிர்த்துவிட்டு, எதையோ படித்ததும் ஆடியவர்களை ஏமாற்றுக்காரர் ஆக்குவது நியாயமே இல்லை.

லுவாங் பிரபாங்குக்கு நானும் அசலைத் தேடித்தான் போனேன். இருட்டு விலகாத நேரம். சக்கலின் சாலை ஓரமெல்லாம் பாய் விரித்துக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பேரா என்று எரிச்சலாகி, ஆளில்லாத ஒரு சந்துக்குள் நடந்தேன்.

ஒரு வீட்டு வாசலில் வயதான பெண்மணி ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டிருந்தார். தோளில் குறுக்காக ஒரு துணி. முன்னால் மூங்கில் கூடையில், கையில் ஒட்டும் ரகத்து அரிசிச் சோறு. பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வந்தார்கள். மூத்தவர்கள் முன்னால், கடைசியில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள். அந்தப் பெண்மணி சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளி, ஒவ்வொரு பாத்திரத்திலும் இட்டுக்கொண்டிருந்தார். ஒரு பேச்சு இல்லை. இதுதான் அசல் என்று கேமராவோடு நாலடி தூரத்துக்குப் போய்விட்டேன். ஃப்ளாஷை அணைத்திருக்கவில்லை. வெளிச்சம் அடித்ததும் சின்னப் பையன் ஒருவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் அவன் மேல் இடித்தான். சோறு கிள்ளிய கை அந்தரத்தில் காத்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை.

கூட்டம் தொடாத அந்தச் சந்தைத் தொட்டது நான்தான்.

1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் அது. சாலையின் மறுபக்கம் நில்லுங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை உடுத்துங்கள், ஃப்ளாஷ் வேண்டாம், உங்களுக்கு உள்ளபடியே அர்த்தம் உள்ள செயலாக இருந்தால் மட்டும் பிச்சை இடுங்கள் என்று அங்கே கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். இதைவிட என்ன சொல்ல வேண்டும்? அந்தப் பையன்கள் கோயிலில் படிக்கிற பிள்ளைகள். உங்கள் மகனின் சாப்பாட்டு வேளையில் முகத்துக்கு நேரே யாராவது வெளிச்சம் அடித்தால் பார்த்துக்கொண்டிருப்பீர்களா?

மறுநாள் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு அதே சந்துக்குப் போனேன். எதிர்ப்பக்கம், சுவரோரம் நின்றேன். வரிசை முடிகிற இடத்தில் ஒரு சிறுமி கூடையோடு முழந்தாளிட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பிக்குகள் தங்கள் பாத்திரத்திலிருந்து அவள் கூடையில் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்கொண்டே போனார்கள். முதல் நாளும் இருந்திருப்பாளோ என்னவோ, நான் கவனிக்கவில்லை. எல்லோரும் போனதும் அந்தப் பெண்மணி ஒரு சின்னக் குவளையிலிருந்து மரத்தடியில் மெல்ல நீர் வார்த்தார். இறந்தவர்களுக்குப் புண்ணியம் போய்ச் சேர என்று பிறகு தெரிந்துகொண்டேன். கணவரோ, பிள்ளையோ. அதை எனக்குக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நான் இல்லாவிட்டாலும் நீர் வார்த்திருப்பார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஆர். சிலிர்க்கத் தெரிந்த மனம் உங்களுடையது, அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். 'சபாய்தீ', 'கொப் சாய்' இரண்டையும் இப்போதே சொல்லிக்கொடுங்கள், வணக்கமும் நன்றியும். டிசம்பர் விடியற்காலை நன்றாகக் குளிரும், அவர்களுக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.