வார அறிக்கையைப் பார்த்துவிட்டு எமர்ஜென்சிக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. நேற்று இரவிலிருந்து காய்ச்சலும் இருமலும். 'அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஃப்ளூவோடு வருவோர் விகிதம் ஒரே வாரத்தில் இரு மடங்கு' என்று செய்தி படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது, டாக்டர். உடனே அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? வீட்டில் 72 வயது மாமியாரும் இருக்கிறார்; அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

பதில்: முதலில் அந்த 'இரு மடங்கு'. இத்தகைய அறிக்கைகளில் பெரும்பாலும் வருவது சதவீதக் கணக்கு. வந்த நூறு பேரில் ஃப்ளூக்காரர்கள் இரண்டு பேராக இருந்து நான்கு பேர் ஆனாலும் இரு மடங்குதான். மீதி 96 பேர் நெஞ்சுவலி, எலும்பு முறிவு என்று வேறு எதற்கோ வந்தவர்கள். அதுவும் போன வாரக் கதை. நாள்வாரியாகப் பார்த்தால் இன்னும் குழப்பம்: பல மருத்துவமனைகளில் திங்கட்கிழமைதான் கூட்டம் அதிகம். கிருமிக்குக் கிழமை தெரியாது. ஞாயிறு முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் கிளம்புவது நாம்தான்.

சரி, மகனைப் பார்ப்போம். சட்டையைக் கழற்றுங்கள். அவன் அழாத நேரத்தில், தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இந்த வயதில் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. காய்ச்சல் அடிக்கும்போது மூச்சும் கொஞ்சம் கூடும். எனவே காய்ச்சல் தணிந்ததும் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், எழுப்பியும் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால், எண்ணிக்கொண்டு நிற்காமல் நேரே எமர்ஜென்சிதான்.

இவை எதுவும் இல்லை, குடிக்கிறான், காய்ச்சல் இறங்கினால் விளையாடுகிறான் என்றால் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் இன்று காட்டினால் போதும். ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். வைரஸிடம் அது எடுபடாது.

எனக்குக் கவலை மாமியாரைப் பற்றித்தான். ஃப்ளூ தொற்றி ஒன்று முதல் நான்கு நாளில் அறிகுறி தெரியும். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்ச் சோர்வும் மனக்குழப்பமுமாகக்கூட ஃப்ளூ வரும். அப்படி ஏதாவது தெரிந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். சர்க்கரை அளவையும் பாருங்கள். பேரன் தேறும்வரை இருவரும் வேறு வேறு அறையில் படுக்கட்டும்.

அந்த வார அறிக்கை உங்களுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. ஃப்ளூ தடுப்பூசி பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் போடுவதில் பயன் இருக்கிறது. மாமியார் இந்தப் பருவத்தில் போடவில்லை என்றால், நன்றாக இருக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். மகனுக்கு, தேறியதும்.