கென்ட்டில் பழைய வீடு வாங்குகிறீர்களா? முதலில் பரணில் ஏறிப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு கிராமத்து வீட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறோம். 15-ஆம் நூற்றாண்டு வீடு என்கிறார் ஏஜென்ட். கறுப்பு மரச்சட்டம், கோணல் மாணலான தரை எல்லாம் இருக்கிறது. நம்பலாமா? வெளிச்சுவரில் ஈரம் தெரிகிறது, சிமென்ட் பூசிவிடலாமா?

பதில்: முகப்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கறுப்பு வெள்ளை முகப்பு பல இடங்களில் விக்டோரியா காலத்து ஒப்பனைதான். கோணலும் சாட்சியாகாது. ஓக் மரத்தைப் பச்சையாகவே செதுக்கிப் பூட்டுவது வழக்கம். காயக் காய அது முறுக்கிக்கொள்ளும்.

டார்ச்சோடு பரணில் ஏறுங்கள். அந்தக் காலத்து வீட்டின் நடுக்கூடத்துக்கு மச்சு கிடையாது. தரையிலிருந்து கூரை வரை ஒரே வெளி, நடுவில் தரையிலேயே அடுப்பு, புகைபோக்கி இல்லை. புகை கூரைவழியேதான் கசிந்து போகும். அதனால் கைமரங்களில் கரி படிந்து மினுமினுக்கும். நடுக்கூடத்துக்கு மேலே கரி, இரண்டு பக்க அறைகளுக்கு மேலே மரம் சுத்தம் என்றிருந்தால் ஏஜென்ட் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கரி ஒரு மரத்தில் இருந்து, அடுத்ததில் இல்லாமல் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய மரமாக இருக்கலாம். செங்கல் புகைபோக்கியும் கூடத்துக்கு மேல் மாடியும் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டில் நுழைந்தவை. அவற்றைப் பார்த்து வீடே அந்தக் காலத்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

உத்திரத்தில் வெற்றுத் துளைகளைக் காட்டி, “பழைய கப்பல் மரம்” என்று யாராவது கதை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். அடிப்புறத்தில் வைர வடிவத் துளைகள் வரிசையாக இருந்தால் அங்கே கண்ணாடியில்லாத ஜன்னல் இருந்திருக்கிறது, துளைகள் அதன் மரக்கம்பிகளுக்கானவை. துல்லியமான ஆண்டு வேண்டுமென்றால் மர வளைய ஆய்வுதான் வழி. பட்டையை ஒட்டிய வெளிமரம் மிஞ்சியிருந்தால்தான் மரம் வெட்டிய காலம் நெருக்கமாகத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க, சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கென்ட்டில் நீர்த்தேக்கம் கட்டியபோது பிரித்தெடுத்த பேலீஃப் பண்ணைவீட்டை அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டு வீடு. கூடம் மச்சில்லாமல், நடு அடுப்போடு அப்படியே.

சரி, சிமென்ட். வேண்டவே வேண்டாம். சட்டங்களுக்கு நடுவே இருப்பது குச்சிப் பின்னலில் அப்பிய களிமண், சாணி, வைக்கோல். நனைந்தாலும் அது காற்றில் உலர்ந்துவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சட்டத்தின் அடிக்கட்டை சத்தமில்லாமல் உளுத்துப்போகும். முதலில் கூரை ஒழுக்கு, மழைநீர்க் குழாய், சுவரோரம் ஏறிய மண் மூன்றையும் சரிசெய்யுங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு.

ஒரு எச்சரிக்கை. இவ்வளவு பழைய வீடு அநேகமாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். பழைய கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பட்டியலில் இருந்தால், வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர் கவுன்சிலின் அனுமதி தேவை. உள்ளே செய்யும் மாற்றத்துக்கும்தான். இல்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்ததைச் சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில் விழலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பழைய அனுமதிக் கடிதங்களை வக்கீல் மூலம் கேட்டு வாங்குங்கள்.